முதல் வருஷச் சலுகை

அந்தப் பெயரைச் சாகவிட்டவள் நான்தான். ரினியூவல் விலை அதிகம், கட்டுப்படியாகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்ததெல்லாம் சாக்கு!

விலை அதிகம் என்பது உண்மை. அதனால்தான் விட்டேன் என்பதுதான் பொய். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சின்னச் சந்தில் மூன்றரை வருஷமாக ஒளிந்துகொண்டிருக்கிறேன். இனி முடியாது... அதே பெயருக்கு நேற்று மறுபடியும் ரினியூவல் அறிவிப்பு வந்திருக்கிறது. இன்று உங்களிடம் சொல்ல உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் யாரோ, எவரோ. அதனால்தான் சொல்ல முடிகிறது. தெரிந்தவர்கள் முன்னால் எனக்கு வாய் வராது.

என் பெயர் பூங்கொடி. வயது நாற்பத்தொன்று. ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில், ஒரு மருந்துக் கடைக்கு மாடியில் வெப்சைட் செய்து கொடுக்கும் ஆபீஸ் வைத்திருக்கிறேன். ஆபீஸ் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மேஜை, சத்தம் போடும் ஒரு ஃபேன். சமயபுரத்து லாட்ஜ்காரர்களும் அரியமங்கலத்துப் பட்டறைக்காரர்களும்தான் என் வாடிக்கையாளர்கள். வெப்சைட்டுக்குப் பெயரைப் பதிவு செய்வது, சைட் கட்டுவது, வருஷா வருஷம் புதுப்பிப்பது எல்லாம் என் பொறுப்பு. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளருக்கு இந்தத் தலைவலியெல்லாம் எதற்கு என்று பெயரை எங்கள் கணக்கிலேயே பதிவு செய்துவிடுவோம். அறிவிப்பு எங்களுக்குத்தான் வரும். நாங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். சொல்லாவிட்டால்... சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

மாதத்துக்கு ஒருவராவது மூச்சு வாங்க மாடி ஏறி வந்து சண்டை பிடிப்பார்கள். "ஏம்மா, போன வருஷம் இந்தப் பேருக்கு டீக்காசு மாதிரி வாங்குனீங்க. இந்த வருஷம் இம்புட்டு கேக்குறீங்க? பக்கத்துக் கடைக்காரருக்கு டாட் இன் ஏறவே இல்லையாமே!"

நானும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன். ஐயா, பெயரை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. வருஷ வாடகைக்குத்தான் எடுக்கிறோம். புள்ளிக்குப் பின்னால் வருகிறதே வால், அந்த ஒவ்வொரு வாலுக்கும் மேலே ஒரு முதலாளி உண்டு. டாட் காம் பழைய வால். அதன் விலையை நினைத்தபடி ஏற்ற முடியாமல் ஒப்பந்தம் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். டாட் இன் நம் நாட்டுடையது, விலை அடக்கமாக இருக்கும். புதிதாக முளைத்த வால்களுக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. முதலாளி வைத்ததுதான் விலை. முதல் வருஷம் கிட்டத்தட்ட சும்மா கொடுப்பார்கள். நீங்கள் போர்டு எழுதி, கார்டு அடித்து, பில் புத்தகத்தில் அச்சடித்து, ஊருக்கெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லி முடித்த பிறகு இரண்டாம் வருஷம் நிஜ விலை வரும். அப்போது விட மனசு வராது, இல்லையா? விட முடியாத அந்த மனசுக்குத்தான் ஐயா அவர்கள் விலை போட்டிருக்கிறார்கள்.

இந்தக் கடைசி வாக்கியம் வரும்போது மட்டும் என் நாக்கு தடுக்கும். யாரும் கவனித்ததில்லை.

ஏனென்றால் விட முடியாத மனசுக்கு விலை போட்டவர்களில் நானும் ஒருத்தி!

ஏழரை வருஷத்துக்கு முன்பு, ஒரு மாசி மாதத்து மத்தியானம் முரளி மாடி ஏறி வந்தான். எங்கள் தெருவில் அரிசிக் கடை வைத்திருந்தவர்களின் ஒரே மகன். எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு. மூன்று வயதிலிருந்து நான் அவனுடைய அம்மாவை அத்தை என்றும் அப்பாவை மாமா என்றும்தான் கூப்பிடுவேன். உறவு ஒன்றும் கிடையாது. வாய்ப் பழக்கம்... விவரம் தெரிந்த பிறகு அந்த வார்த்தையை நான் எத்தனை ஆசையோடு சொன்னேன் என்று யாருக்குத் தெரியும்? அவனுக்குமே தெரியாது.

மண்ணச்சநல்லூர் மில்லிலிருந்து நேராக வந்திருந்தான். சட்டையெல்லாம் தவிட்டுப் பொடி. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

"கடைக்கு ஒரு சைட் வேணும் பூங்கொடி. அப்பாகிட்ட பேசி சம்மதிக்க வைக்கிறதுக்குள்ள எனக்கு தாவு தீந்துடுச்சு. காசுன்னாலே அலர்றாரு. எது சீப்போ அதைப் போட்டுடு."

கடைப் பெயரில் டாட் காமை வேறு யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். டாட் இன் இருந்தது, டாட் ஸ்டோரும் இருந்தது. டாட் இன் நியாயமான விலை, அடுத்த வருஷமும் ஏறக்குறைய அதேதான் வரும். டாட் ஸ்டோர் அன்றைக்குச் சலுகையில் ஒரு மசால் தோசை விலை. அடுத்த வருஷம் பல மடங்கு. எல்லாம் என் முன்னால் திரையிலேயே இருந்தது.

"ஸ்டோர்தான் சீப்" என்றேன். "தோசைக் காசு."

"அப்ப தோசையே போடு. அடுத்த வருஷம் எவ்வளவு வரும்?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம் விடு."

ஏன் அப்படிச் சொன்னேன்? டாட் இன் போட்டால் ஒரு வம்பும் இல்லாமல் புதுப்பித்துக்கொண்டு போகும். அவன் வரவே வேண்டாம். டாட் ஸ்டோர் போட்டால், அடுத்த மாசியில் பில்லைப் பார்த்துக் கொதித்துக்கொண்டு தடதடவென்று இந்த மாடிப்படி ஏறி வருவான். இந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவான். ஒரு மணி நேரமாவது என்னோடு சண்டை போடுவான்... முப்பத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு இதுதான் யோசனை! சிரிக்காதீர்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. சண்டை போடவாவது வரட்டுமே என்று இருந்தது.

அன்றைக்கு மாலை வரை இருந்து அவனே எல்லாம் பார்த்துச் செய்தான். மூட்டைகளுக்கு முன்னால் மாமா நிற்கிற படம், கீழே விலைப்பட்டியல், அதற்கும் கீழே 'எங்களுக்கு எழுதுங்கள்' என்று ஒரு படிவம். பெயர், மின்னஞ்சல், என்ன அரிசி, எத்தனை கிலோ, செய்தி. எழுதி அனுப்பினால் என் மெயிலுக்கு வரும். அரிசியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் படிவம் போகாது. "அரிசி வேணாங்கிறவன் நமக்கு எதுக்கு எழுதணும்?" என்று அவன்தான் அப்படி வைக்கச் சொன்னான்.

அடுத்த மாசிக்கு அவன் வரவில்லை. அந்த ஆவணியிலேயே போய்விட்டான்.

மண்ணச்சநல்லூர் மில்காரர் வீட்டுப் பெண்ணை அவனுக்குப் பேசியிருந்தார்கள். நிச்சயதார்த்தத்தன்று காலையில் எழுந்து பார்த்தால் ஆளில்லை! தட்டு வரிசையோடு பெண் வீட்டார் வந்து நின்றார்கள். மாமா கூனிப் போனார். அன்றோடு தன் போன் நம்பரை மாற்றினார், வீட்டு லைனைத் துண்டித்தார். "இனிமே அவன் இந்த வாசப்படிய மிதிச்சா நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்றார். சிநேகிதர்களையெல்லாம் விசாரித்தோம். யாருக்கும் தெரியவில்லை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எனக்காகத்தான் போனான் என்று நினைத்தேன்! அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு பார்வை பார்த்ததில்லை. ஆனாலும் நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லி நானே முடிவு கட்டிவிட்டேன். ஒருநாள் கூப்பிடுவான் என்று போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன். சைட்டின் அடியில் என் ஆபீஸ் நம்பர் இருக்கிறது. இன்றுவரை அது மாறவில்லை. அவன் கூப்பிடவும் இல்லை.

ஆனால் எழுதினான். எனக்கில்லை.

அந்த மார்கழியில், வைகுண்ட ஏகாதசியன்று காலை ஒன்பது மணிக்குப் படிவத்தில் ஒரு செய்தி வந்தது. பெயர் முரளி. மின்னஞ்சல் என்ற இடத்தில் கடையின் முகவரியையே போட்டிருந்தான், பதில் எழுத வழியில்லாதபடி. என்ன அரிசி? பச்சரிசி. எத்தனை கிலோ? ஒன்று. செய்தி: 'அம்மா, டிவியில் சொர்க்கவாசல் பார்த்தேன். நலம்.'

மாமாவின் தோளில் உட்கார்ந்து அவன் சின்ன வயதில் சொர்க்கவாசல் தாண்டியதை நான் பார்த்திருக்கிறேன். எங்கே இருந்தாலும் அந்த நாளை அவனால் தாண்ட முடியவில்லை போலிருக்கிறது.

மாமாவுக்குத் தெரியாமல் அத்தையிடம் படித்துக் காட்டினேன். அத்தைக்குக் கண் சரியில்லை, மெயில் எல்லாம் பழக்கமும் இல்லை. இரண்டு தரம் படிக்கச் சொன்னார். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பச்சரிசி கேட்டிருக்கான் பாரு, பொங்கல் திங்கணும்போல இருக்கு புள்ளைக்கு" என்று எழுந்து போய் ஒரு கிலோ அளந்து ஒரு டப்பாவில் தனியாக எடுத்து வைத்தார்.

அடுத்த வருஷமும் அதே நாளில் வந்தது. அதற்குப் பிறகு மாமா போய்விட்டார், நெஞ்சுவலி. கடையை மூடினோம். சைட்டை எடுத்துவிடலாமா என்று நான் கேட்டபோது அத்தை பதறிவிட்டார்.

"ஐயையோ, அதை எடுத்துடாதடி! அவன் வர்றதுக்கு அது ஒண்ணுதான் வழி."

அரிசி விலைப்பட்டியலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அத்தை சொன்ன ஒரு வரியைப் போட்டேன். 'முரளி, அப்பா தவறிட்டார். அம்மா இருக்கேன்.' அந்த ஏகாதசிக்கு வந்த செய்தியில் பச்சரிசி ஒரு கிலோவுக்குக் கீழே, 'அப்பா செய்தி பார்த்தேன். வர முகமில்லை அம்மா' என்று இருந்தது.

ரினியூவலை நானே கட்டினேன். என்ன விலை என்று அத்தைக்குச் சொல்லவில்லை. டாட் ஸ்டோரை நான்தானே தலையில் கட்டினேன்! ஒவ்வொரு மாசியிலும் அந்த அநியாய விலையைக் கட்டும்போது வலிக்கவில்லை. அவனுக்காக நான் ஏதோ செய்கிறேன் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. நான்காவது ஏகாதசி வரைக்கும்.

நான்காவது ஏகாதசிக்கு வந்த செய்தியை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

'அம்மா, நலம். இங்கே ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டேன். நல்லவள். அவளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வரலாமா? வரச்சொன்னால் சைட்டில் ஒரு வரி போடுங்கள். பார்த்துக்கொண்டே இருப்பேன்.'

படித்தேன். நான் இல்லை. நான் எப்போதுமே இல்லை... நான்கு வருஷமாக நான் தாங்கிப் பிடித்திருந்த வீட்டுக்குள் நான் ஒரு மூலையில்கூட இல்லை! 'பூங்கொடி எப்படி இருக்கிறாள்' என்று ஒரு வார்த்தை? அந்தச் செய்தி யார் கண்ணில் முதலில் படும் என்று அவனுக்குத் தெரியாதா?

அத்தையிடம் படித்துக் காட்டினேன். அதில் ஏமாற்றவில்லை. அத்தை சின்னப் பெண் மாதிரி கையைத் தட்டினார். "எழுதுடி, எழுது. வாடா, ரெண்டு பேரும் வாங்கன்னு போடு. சீக்கிரம் வாங்கன்னு போடு!"

"சரிங்க அத்தை."

மறுநாள் அத்தை கேட்டார், "போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் அத்தை."

போடவில்லை.

நாளைக்குப் போடலாம் என்று நினைத்தேன். பொங்கல் போகட்டும் என்று நினைத்தேன். அவன் அங்கே தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் கணக்கு என்னிடம் இருக்கிறதே! மூடிய கடையின் சைட்டுக்குத் தினமும் ஒரே ஒரு ஆள் வந்து போனான். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். காத்திருக்கட்டும் என்று விட்டேன். நான் காத்திருக்கவில்லையா? இத்தனை கொடூரமானவள் நான் என்று எனக்கே அதுவரை தெரியாது.

மாசி வந்தது. ரினியூவல் அறிவிப்பு வந்தது. விலை அந்த வருஷம் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த அருமையான சாக்கு கிடைத்தது. கடையே இல்லை, கடைக்கு எதற்கு இவ்வளவு விலையில் பெயர்? எந்த வாடிக்கையாளருக்கும் நான் சொல்லும் புத்திமதிதானே இது? டாட் ஸ்டோர் கட்டுப்படியாகாது, விட்டுவிடுங்கள்... எனக்கு நானே ஆலோசனை சொல்லி, எனக்கு நானே தலையாட்டினேன்.

ஒரே நாளில் நடந்ததில்லை. கெடு முடிந்தால் உடனே பெயர் போய்விடாது. ஒரு மாதத்துக்கு மேல் பழைய விலைக்கே எடுக்கலாம். அதற்குப் பிறகும் ஒரு மாதம் அபராதத்தோடு மீட்கலாம். அறிவிப்பு மேல் அறிவிப்பாக வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றையும் திறந்தேன், படித்தேன், மூடினேன். மறதி என்று சொல்லித் தப்பிக்கக்கூட எனக்கு வழி கிடையாது. ஆனி மாதத்தில் யாரோ அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அத்தையின் வரி இருந்த இடத்தில் ரம்மி ஆடச் சொல்லிச் சீட்டுக்கட்டு வந்தது.

வரலாமா என்று கேட்ட மகனுக்கு அதுதான் பதிலாகப் போயிற்று.

அதைப் பார்த்த பிறகுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. பெயரை வாங்கியவர்களுக்கு எழுதிக் கேட்டேன். பதிலே இல்லை. அவனைத் தேட எனக்கு ஒரு நூல் முனைகூட இல்லை. அம்மா கதவைச் சாத்திவிட்டாள் என்று நினைத்திருப்பான். வேறென்ன நினைப்பான், சொல்லுங்கள்?

அத்தை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்திரையில் வருவான் என்றார், ஆடிப்பெருக்குக்கு வருவான் என்றார். மருமகளுக்கு ஒரு பட்டுப் புடவை எடுத்து வைத்தார். தீபாவளிக்குப் பிறகு வாசலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஏகாதசியை எண்ண ஆரம்பித்தார்.

ஏகாதசி வந்தது. செய்தி எப்படி வரும்? வரவில்லை.

அத்தை அன்று முழு உபவாசம். மறுநாள் துவாதசிக் காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வைத்துப் பாரணை முடிக்க வேண்டும். நான் போனபோது மணி பதினொன்று. அடுப்பு மேல் கீரை மூடியபடி இருந்தது. அத்தை ஊஞ்சலில் சாய்ந்திருந்தார்.

"வந்துதா?"

"இன்னும் இல்லைங்க அத்தை. நீங்க சாப்பிடுங்க."

"வரட்டும், சாப்பிடறேன்."

"அத்தை, உங்களுக்கு சுகர் இருக்கு. மாத்திரை போடணும்."

"அவன் எழுதாம இருக்க மாட்டான்டி. வரட்டும்."

அவருடைய விரல்கள் நடுங்கின. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக இருந்தது. நான் போனை எடுத்தேன். எதையோ திறக்கிற மாதிரி பாவனை செய்தேன். "இதோ வந்துடுச்சு அத்தை!" என்றேன். வெறும் திரையைப் பார்த்துப் படித்தேன்.

'அம்மா, டிவியில் சொர்க்கவாசல் பார்த்தேன். நலம். இந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை.'

அத்தை எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். "சரி, எலையப் போடு" என்றார். நான்தான் பரிமாறினேன்.

உயிரைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்று நீங்கள் சொல்லக்கூடும். சொல்லாதீர்கள்! அடுத்த வருஷம் நான் செய்ததைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அடுத்த வருஷத் துவாதசிக்கு முன்கூட்டியே தயாராகப் போனேன். வழக்கமான வரியைப் படித்தேன். படித்துவிட்டு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. 'பூங்கொடி எப்படி இருக்கிறாள்? அவளை விசாரித்ததாகச் சொல்லுங்கள்' என்றும் படித்தேன்.

வெட்கங்கெட்டவள்! அவன் பெயரில் என்னை நானே விசாரித்துக்கொண்டேன். என் குரலில் அந்த வார்த்தைகளைக் கேட்டதும் ஒரு நொடி நானே நம்பிவிட்டேன். அவனே கேட்ட மாதிரி... நான் இருபது வருஷம் காத்திருந்த ஒரு வாக்கியத்தை நானே எழுதி, நானே படித்து, நானே அழுதேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டுட்டானே உன்னை" என்றார் மெல்ல. பிறகு உள்ளே போய் மருமகளுக்கு என்று வைத்திருந்த அந்தப் பட்டுப் புடவையை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. அது இப்போதும் என் பீரோவில் இருக்கிறது. ஒருநாளும் உடுத்தவில்லை. சில சமயம் கதவைத் திறந்து தொட்டுப் பார்ப்பேன்.

போன வருஷம் புரட்டாசியில் எதேச்சையாகப் பார்த்தேன். அந்தப் பெயர் காலியாக இருந்தது! ரம்மிக்காரர்களும் விட்டுவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர்களுக்கும் அந்த ரினியூவல் கட்டுப்படியாகவில்லை போலும். யாருடையதாகவும் இல்லாத பெயர் மறுபடி புதுப் பெயர் ஆகிவிடும். புதுப் பெயருக்கு மறுபடியும் முதல் வருஷச் சலுகை. ஒரு மகனுக்கும் தாய்க்கும் நடுவிலிருந்த ஒரே வழியை நான் திரும்ப வாங்கினேன். ஒரு மசால் தோசை விலையில்.

பழைய சைட்டை அப்படியே தூக்கி நிறுத்தினேன். அதே மாமா, அதே மூட்டைகள், அதே படிவம். நடுவில், பெரிய எழுத்தில், இரண்டே முக்கால் வருஷம் தாமதமாக அந்த வரியைப் போட்டேன். 'வாடா, ரெண்டு பேரும் வாங்க. சீக்கிரம் வாங்க.'

தினமும் கணக்கைப் பார்த்தேன். தினமும் ஒரே ஒரு ஆள் வந்து போனதாகக் காட்டியது. முதல் நாள் அவன்தான் என்று நினைத்துவிட்டேன்... பிறகு தெரிந்தது, அந்த ஆள் நான்தான்.

ஏகாதசியன்று காலையிலிருந்து திரையின் முன்னாலேயே இருந்தேன். ஒரு செய்தி வந்தது. திறந்தால், உங்கள் சைட்டைத் தேடலில் முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று யாரோ ஒரு கம்பெனிக்காரன். பொழுது சாயும்வரை வேறு ஒன்றுமில்லை.

மறுநாள் துவாதசி. இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் அத்தை வீட்டுப் படி ஏறினேன். காலில் விழுந்து, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. பெயர் திரும்ப வந்துவிட்டது, இனிமேல் அவன் பார்க்கக்கூடும், அதுவரை நான்தான் அடைத்து வைத்திருந்தேன் என்று...

கீரை வாசனை வந்தது. அத்தை இலை முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். வருஷத்துக்கு வருஷம் சிறுத்துக்கொண்டே போகிறார்.

"வா. வந்துதா?"

என் வாய் திறந்தது. "வந்துதுங்க அத்தை. அம்மா, டிவியில் சொர்க்கவாசல் பார்த்தேன். நலம்."

சே! அவ்வளவுதான் நான்.

அத்தை நெல்லிக்காயை வாயில் போட்டுக்கொண்டார். மெதுவாக மென்றார்.

"உன்னைக் கேக்கலையா இந்தத் தடவை?"

"இல்லைங்க அத்தை."

"நீ வேணா சேத்துப் படியேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அத்தை கீரையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அரிசியையும் சேத்துக்கோ. மூணு வருஷமா அதை விட்டுட்டே."

பச்சரிசி, ஒரு கிலோ. அதைத் தேர்ந்தெடுக்காமல் படிவமே போகாது. நான்கு வருஷம் அதைத்தான் நான் முதலில் படித்தேன். பொய்யாகப் படித்த மூன்று வருஷமும் அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. முதல் வருஷமே, முதல் வாக்கியத்திலேயே அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் இலையைப் போடச் சொல்லியிருக்கிறார். தெரிந்துகொண்டேதான் புடவையைக் கொடுத்திருக்கிறார்.

"அத்தை..."

"அழாதடி. எனக்காகத்தானே செஞ்சே? நான் பட்டினி கிடந்துடக் கூடாதுன்னுதானே? எனக்குத் தெரியாதா?" என் தலையில் இடது கையை வைத்தார். "வாடா, ரெண்டு பேரும் வாங்கன்னு வாயத் தொறந்து கூப்பிட்டோம். வரலை. ஒரு வரி எழுதவும் இல்லை. கல்யாணம் ஆனதும் அம்மாவ மறந்துட்டான். கல்நெஞ்சுக்காரன்! அவனுக்காக நீ ஏன் இந்தப் பாடு படறே?"

சொல்லியிருக்க வேண்டும். அந்த நொடியில் சொல்லியிருக்க வேண்டும், இல்லையா? அவன் மறக்கவில்லை அத்தை, நீங்கள் கூப்பிட்டது அவனுக்குப் போகவே இல்லை, தினமும் காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொண்டிருந்தான்... இவ்வளவுதானே?

அந்தக் கை என் தலையில் இருந்தது. எடுத்துவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை.

அது நடந்து எட்டு மாதம் ஆகிறது. அத்தை நன்றாகத்தான் இருக்கிறார். பச்சரிசியை அளந்து வைப்பதில்லை. அந்த டப்பாவில் இப்போது கடுகு இருக்கிறது. முரளி என்ற பெயரை அவர் வாயிலிருந்து நான் கேட்பதே இல்லை. நான் போனால், "நீதான்டி எனக்குப் புள்ளை" என்கிறார்.

நேற்று அறிவிப்பு வந்தது. சலுகை முடிந்துவிட்டது, இனி முழு விலை. ஒன்பது வருஷத்துக்குச் சேர்த்து இன்று காலையில் கட்டிவிட்டேன். அதற்கு மேல் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

கட்டி முடித்ததும் பழக்கம் விடாமல் சைட்டைத் திறந்து பார்த்தேன். 'வாடா, ரெண்டு பேரும் வாங்க' என்று இருக்கிறது. பார்வையாளர் ஒருவர் என்று காட்டுகிறது. பிறகு ஆபீஸைப் பூட்டிவிட்டு, அத்தைக்குச் சுகர் மாத்திரை வாங்கிக்கொண்டு போனேன்.